கறுப்பு வெள்ளையில் பதினாறு நிறம்

தம்பி ஜெயித்தவற்றைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். கண் பரிசோதனையில் 'தகுதியில்லை' என்று முத்திரை குத்தி அனுப்பினார்களே, அந்த முத்திரையை ஜெயித்தான். உடம்பெல்லாம் வண்ண வளையம் போட்டுக்கொண்டு வரும் ரெசிஸ்டரை, அந்த வளையங்களைப் படிக்கவே தெரியாமல் ஜெயித்தான். கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர் எழுதிவந்த பத்திரிகைப் பக்கத்தில், பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவனுக்கும் இடம் உண்டு என்று காட்டினான். விலை கூடினால்தான் பொருள் உசத்தி என்று எல்லோரும் நம்பியிருந்த நேரத்தில், மலிவான ஒரு கம்ப்யூட்டருக்கு நியாயம் வாங்கிக் கொடுத்தான். கண் சிவக்கப் படியேறி வந்த ஒரு பெரிய மனிதரைக் கைகுலுக்கி இறங்க வைத்தான். கட்டுரையின் அடியில் எப்போதும் வெறுமையாகக் கிடந்த ஒரு வரியைக் கடைசியில் தன்னுடையதாக்கிக்கொண்டான்.

இத்தனைக்கும் அவனுக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது.

வீட்டில் அவனை எல்லோரும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். அது கடைக்கும் போய், பத்திரிகை ஆபீசுக்கும் போய், கடைசியில் அவனைவிடச் சின்னவர்கள்கூட அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

கண்ணின் சங்கதி வெளிப்பட்டது ஒரு பை தக்காளியால். பழுத்ததாகப் பார்த்து வாங்கி வா என்று அம்மா அனுப்பினாள். பாதி பழம், பாதி காய் என்று கொண்டுவந்து கொட்டினான். அம்மா, பிள்ளைக்கு விளையாட்டுப் புத்தி என்று திட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அக்காவுக்கு மட்டும் என்னவோ உறுத்தியது. அவள் எட்டாவதோடு நின்று ஒரு நூல் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பொத்தானும் நூலும் விற்கிற கடை. துணித் துண்டைக் கொண்டுவந்து நீட்டுகிறவர்களுக்கு அதற்குப் பொருத்தமான நூலை எடுத்துக்கொடுப்பது அவள் வேலை. பையிலிருந்து இரண்டு நூல்கண்டை எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இது என்ன கலர்?"

"நீதானே நூல் கடையில இருக்கே. நீயே சொல்லு."

"உன்னைக் கேட்டா நீ சொல்லுடா."

"ரெண்டும் ஒண்ணுதானே. ஒண்ணு கொஞ்சம் அழுக்கு."

ஒன்று மிளகாய்ச் சிவப்பு, மற்றது இலைப்பச்சை. அக்கா கொஞ்சநேரம் இரண்டு கண்டையும் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, "பரவாயில்லடா, உனக்குச் சட்டை தைச்சா பாதி நூல் வாங்கினா போதும்" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அழுகையும் இல்லை, வைத்தியமும் இல்லை. மறுநாளிலிருந்து அவனுடைய சட்டைக் காலர்களின் உள்பக்கம் சின்னச் சின்ன முடிச்சுகள் முளைத்தன. ஒரு முடிச்சு இருந்தால் பச்சை, இரண்டு இருந்தால் பழுப்பு, முடிச்சே இல்லாவிட்டால் தைரியமாகப் போடு. தக்காளியைக் கண்ணால் பார்க்காதே, விரலால் அமுக்கிப் பார் என்றும் சொல்லிக்கொடுத்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு அவன் வாங்கி வந்த தக்காளி ஒன்றுகூடச் சோடை போனதில்லை.

பள்ளியை முடித்ததும் டெலிபோன் ஆபீசில் லைன் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். எழுத்துத் தேர்வில் தேறினான், ஓட்டத்தில் தேறினான், கம்பம் ஏறுவதில் முதலாவதாக ஏறினான். கடைசியில் ஒரு டாக்டர் புத்தகம் ஒன்றை விரித்து வைத்தார். பக்கம் முழுக்க வட்ட வட்டமாகப் புள்ளிகள்.

"இதுல என்ன நம்பர் தெரியுது?"

"நம்பரா? இதுல நம்பர் வேற இருக்கா சார்?"

டாக்டர் நல்ல மனிதர், சிரித்தார். சிரித்துக்கொண்டே முத்திரையைக் குத்தினார்.

வாசலிலேயே அக்கா பிடித்துக்கொண்டாள். "என்னடா ஆச்சு?"

"கம்பியெல்லாம் கலர் கலரா இருக்குமாம். நான் கலர் தெரியாம மாத்தி இணைச்சா, நீ எனக்குப் போன் பண்ணினா தீயணைப்பு வண்டி வந்து நிக்குமாம்."

"எனக்கு எதுக்குடா போன்? நான் கத்தினா கேட்காதா உனக்கு?"

இருவரும் சிரித்தார்கள். ஆனால் அன்று அவன் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்ததை அக்கா பார்க்காமல் இல்லை. அன்றைக்கே ஒன்று முடிவு செய்துகொண்டான். இனிமேல் இந்தக் கண்ணைப் பற்றி வெளியே ஒருவரிடமும் மூச்சு விடுவதில்லை.

அப்படி வாயை மூடிக்கொண்டுதான் டிவி ரிப்பேர் கடையில் சேர்ந்தான். கடைக்காரர் வாட்டசாட்டமான ஆள். சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. டிவிக்குள்ளே இருக்கும் ரெசிஸ்டர் என்ற மின்தடைத் துண்டு ஒவ்வொன்றின் அளவும் அதன் மேலுள்ள வண்ண வளையங்களில்தான் இருக்கும். தொழில் தெரிந்தவர்கள் ஒரு பார்வையிலேயே சொல்லிவிடுவார்கள். தம்பியால் முடியாது. அதனால் ஒவ்வொன்றையும் ஒரு முனையைக் கழற்றி, மீட்டரின் இரண்டு ஊசிகளையும் வைத்து அளந்து பார்ப்பான்.

"ஏம்ப்பா, கண்ணு எதுக்கு இருக்கு? மீட்டரைத் தூங்கவே விடமாட்டியா?" என்பார் கடைக்காரர்.

"வளையம் போட்ட அன்னிக்குச் சரியா இருந்திருக்கும்ணே. சூட்டுல கிடந்து கிடந்து இப்ப என்ன ஆச்சோ."

சாக்குக்குத்தான் அப்படிச் சொன்னான். ஆனால் அது உண்மையாகவே பலித்தது. பழைய டிவிகளில் வளையம் ஒன்று சொல்லும், மீட்டர் வேறொன்று சொல்லும். மற்ற கடைகளில் கைவிட்ட டிவியெல்லாம் அவன் மேஜைக்கு வந்து, பிழைத்து, வீட்டுக்குப் போயின. ஒருமுறை ரிப்பேர் பார்த்த டிவி மறுபடி ரிப்பேருக்கு வராத கடை என்று தெருவில் பேர் கிடைத்தது.

அந்தக் கடைக்கு மேலே மாடியில்தான் பத்திரிகை ஆபீஸ். இரண்டு அறை, ஒரு பால்கனி. முன்பு ரேடியோ மாதப் பத்திரிகையாக இருந்தது. வீடுகளில் வைத்துக்கொள்ளும் சின்னக் கம்ப்யூட்டர்கள் கடைக்கு வர ஆரம்பித்ததும், பாதிப் பக்கத்தை அவை பிடித்துக்கொண்டன. ஆசிரியர் ஓர் அம்மா. ஆபீசில் நாற்காலி குறைவு. விற்காத இதழ்களைக் கயிறு கட்டி அடுக்கி வைத்து, வருகிறவர்களை அதன்மேல் உட்காரச் சொல்வார். பழைய கட்டு மெத்தென்று இருக்கும், புதுக் கட்டு குத்தும். யாருக்கு எந்தக் கட்டு என்பதிலேயே வந்தவரின் மரியாதை தெரிந்துவிடும்.

அந்த அம்மாவிடம் ஒரு விநோதமான சட்டம் இருந்தது. பொருளைச் சோதித்து எழுதும் கட்டுரை எதிலும் எழுதியவர் பெயர் வராது. அடியில் ஒரு வரி காலியாக விட்டிருக்கும். கேட்டால், "எழுதினதுக்கெல்லாம் பேர் போடமாட்டேன். நீ எழுதினதைப் படிச்சுட்டு ஒருத்தர் சண்டைக்கு இந்தப் படி ஏறி வரணும். வந்தவர் திருத்தம் வாங்காம இறங்கிப் போகணும். அன்னிக்குப் பேர் போடறேன்" என்பார். கல்லூரிக் கணக்கு வாத்தியார் ஒருவர் பல வருஷமாக எழுதிவந்தார். அவரை எதிர்த்து இரண்டு முறை ஆள் ஏறி வந்தது. இரண்டு முறையும் திருத்தத்தை வாங்கிக்கொண்டு இறங்கியது. அந்த வரி காலியாகவே கிடந்தது.

அந்தக் காலத்துச் சின்னக் கம்ப்யூட்டருக்கு என்று தனித் திரை கிடையாது. வீட்டு டிவியின் ஏரியல் துளையில் ஒயரைச் செருகித்தான் படம் பார்க்க வேண்டும். அதனால் புதுக் கம்ப்யூட்டர் ஆபீசுக்கு வரும்போதெல்லாம் கீழேயிருந்து தம்பி டிவியைத் தூக்கிக்கொண்டு மேலே போவான். இணைத்துவிட்டு இறங்கிவர வேண்டியதுதான். ஆனால் இறங்க மாட்டான். படம் ஏன் நடுங்குகிறது, எழுத்தின் ஓரம் ஏன் கசிகிறது என்று வாத்தியாருக்குச் சொல்லிக்கொண்டிருப்பான். ஆசிரியர் அம்மா பக்கத்து அறையிலிருந்து அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு மாதம் வாத்தியார் பரீட்சைத் தாள் திருத்தப் போய்விட்டார். அம்மா படியின் மேலே நின்றபடியே குரல் கொடுத்தார்.

"தம்பி, மேல வா. வாத்தியாருக்கு நீ சொல்றதைத்தானே அவர் எழுதறார். இந்த மாசம் நடுவில ஆள் வேண்டாம். நேரா நீயே எழுது."

"எனக்கு அவ்வளவு எழுத வராதும்மா."

"பேச வருதில்ல? அதையே எழுது. இலக்கணத்தை நான் பார்த்துக்கறேன்."

எழுத வேண்டியது இரண்டு கம்ப்யூட்டர்களை ஒப்பிட்டு. ஒன்று பெரியது; விசைப்பலகை கனமாக, டைப்ரைட்டர்போல் இருக்கும். மற்றதற்கு அழிரப்பரில் செய்த மாதிரி சாவிகள். அதனால் ஆபீசில் அதற்கு ரப்பர் என்று பேர் வைத்துவிட்டார்கள். பெரியதை வாங்கும் பணத்துக்கு ரப்பர் இரண்டு வாங்கி, புரோகிராம் ஏற்றக் கேசட் ரெக்கார்டரும் ஒன்று வாங்கலாம். ஆனால் படம் போடும் திறமையில் பெரியதன் கைதான் ஓங்கியிருந்தது. அதற்குப் பதினாறு நிறம், ரப்பருக்கு எட்டு. பெரியதில் ஒரு மனித உருவம் மரத்தின் முன்னால் நடந்தால், மரம் மரமாக இருக்கும், மனிதன் மனிதனாக இருப்பான். ரப்பரில் திரை சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிந்திருந்தது. ஒரு கட்டத்துக்குள் இரண்டு நிறத்துக்கு மேல் இடமில்லை. மனிதன் மரத்தைத் தாண்டும்போது மரமும் அவன் சட்டை நிறத்துக்கு மாறிவிடும், மழையில் சாயம் போன துணி பக்கத்துத் துணியில் ஏறுவதுபோல. எல்லாப் பத்திரிகைகளும் இதை எழுதிச் சிரித்தாகிவிட்டது.

இதையெல்லாம் தம்பி சிரமமில்லாமல் எழுதினான். புள்ளிகள் எத்தனை நெருக்கம், கோடு போட எவ்வளவு நேரம், படம் நகரும்போது உதறுகிறதா, நினைவகம் எவ்வளவு மிச்சம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். கடைசியில் வந்து நின்றது நிறம்.

ஆபீசில் அப்போதுதான் ஒரு கலர் டிவி வாங்கியிருந்தார்கள். அதில் பெரியதன் பதினாறு நிறத்தையும் பட்டை பட்டையாகப் போட்டுப் பார்த்தான். நீலமும் மஞ்சளும் தெரிந்தன. மற்றதெல்லாம் சேற்றில் கலந்த சேறு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்காவைக் கூட்டிவந்து காட்டினான். அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, கடைக்கு வந்த சரக்கைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"இது ஆரஞ்சு. இது பழுப்பு. இந்த ஊதா எங்க கடைக்கு வந்திருந்தா அன்னிக்கே திருப்பி அனுப்பியிருப்போம்."

"அப்படியே வரிசையாச் சொல்லு, எழுதிக்கறேன்."

"சொல்றேன். நாளைக்கு எவனாச்சும் வந்து, எங்கே காட்டுன்னா நானா ஓடி வருவேன்? ஊரான் கண்ணை வாங்கி எழுதாதேடா. உன் கண்ணுக்குத் தெரிஞ்சதை எழுது."

"என் கண்ணுக்குத் தெரியறதை எழுதினா சிரிப்பாங்க."

"அப்ப உன் கண்ணுக்கு நல்லாத் தெரியற இடமாப் பார்த்து எழுது."

அவள் விளையாட்டாகச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள். அவன் அதைப் பிடித்துக்கொண்டான். கீழே கடையில் சின்னக் கறுப்பு வெள்ளை டிவி ஒன்று இருந்தது, கைப்பிடி வைத்தது. கறுப்பு வெள்ளையில் மட்டும் அவன் கண்ணுக்கும் அடுத்தவர் கண்ணுக்கும் வேறுபாடே இல்லை. அங்கே அவனை ஒருவராலும் மடக்க முடியாது. மறுநாள் இரண்டு கம்ப்யூட்டரையும் அதில் இணைத்தான்.

ரப்பரின் எட்டு நிறமும் கறுப்பிலிருந்து வெள்ளைவரை படிப்படியாக, ஒன்றைவிட ஒன்று வெளிச்சமாக ஏறி நின்றன. எட்டும் தனித்தனி. பிறகு பெரியதைப் போட்டான். பதினாறு பட்டை வர வேண்டிய இடத்தில் நாலைந்து சாம்பல் திட்டுகள்தான் இருந்தன. நீலமும் பழுப்பும் ஒரே சாம்பல். ஆரஞ்சும் ஊதாவும் ஒரே சாம்பல். நிறம் வேறுவேறாக இருந்தாலும், அவற்றின் வெளிச்ச அளவைச் செய்தவர்கள் ஜோடி ஜோடியாக ஒன்றாகவே வைத்துவிட்டார்கள். மீட்டரை நம்புகிறவன் இல்லையா. வெளிச்சம் டிவிக்குள் எந்த இடத்தில் மின்சாரமாக வருகிறதோ அங்கே ஊசியை வைத்து அளந்தான். மீட்டரும் அதையேதான் சொன்னது.

'பெரியதில் நிறங்கள் பதினாறு என்றாலும் பிரித்தறியக்கூடியவை சிலவே. ரப்பரில் எட்டும் எட்டாகவே தெரிகின்றன. கொடுக்கும் பணத்துக்கு ரப்பரே மேல்' என்று எழுதினான். எந்த டிவியில் பார்த்தான் என்பதை மட்டும் எழுதவில்லை. எழுதினால், கலர் டிவி இருக்க அதில் ஏன் பார்க்கவில்லை என்று அம்மா கேட்பார். பதில் சொன்னால் கண்ணின் சங்கதியும் வெளியே வந்துவிடும்.

இதழ் வெளியாயிற்று. கட்டுரையின் அடியில் வழக்கம்போல் ஒரு வரி காலி.

அந்த வாரமே படியில் காலடிச் சத்தம் கேட்டது. பெரிய கம்ப்யூட்டரை அந்தப் பக்கத்துக்கெல்லாம் விற்கும் ஏஜென்ட் வந்தார். சண்டைக்குப் போகிறவர்கள் வக்கீலைக் கூட்டிப்போவார்கள்; இவர் இரண்டு ஆள் பிடித்துக் கலர் டிவியையே தூக்கிவந்தார். அம்மா அவரைப் புதுக் கட்டின்மேல் உட்காரச் சொன்னார். கீழேயிருந்து தம்பிக்கு ஆள் போயிற்று.

"இவரா எழுதினது?" என்று ஏஜென்ட் ஏற இறங்கப் பார்த்தார். "நல்லது. உட்காருங்க சார். இப்ப உங்க கண் முன்னாலேயே போட்டுக் காட்டறேன்."

பதினாறு பட்டையும் பளிச்சென்று திரையில் வந்தன.

"நல்லாப் பாருங்க. எண்ணுங்க. பதினாறும் தனித்தனியாத் தெரியுதா இல்லையா?"

தம்பி எழுந்து டிவியின் ஏரியல் ஒயரை ஒருமுறை அழுத்திச் செருகினான்.

"சரி, எண்ண வேண்டாம். பழுப்பு எது, பச்சை எது, விரலை மட்டும் வைங்க. சின்னக் குழந்தை வைக்கும்."

விரலை எங்கேயாவது வைத்திருக்கலாம். பட்டை வரிசையை அக்கா சொன்னது பாதி ஞாபகத்தில் இருந்தது. ஆனால் தம்பி கையை மடியிலேயே வைத்துக்கொண்டான்.

"எனக்குத் தெரியாது சார்."

"தெரியாதுன்னா?"

"பச்சை, பழுப்பு, சிவப்பு மூணும் எனக்கு ஒண்ணுதான். பிறந்ததிலேர்ந்தே."

ஏஜென்ட் அம்மா பக்கம் திரும்பினார். அவருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. கோபத்தோடு வந்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அம்மா, நான் இவரைக் குறை சொல்லலை. ஆனா கலரைப் பத்தி எழுத இவர்தான் கிடைச்சாரா உங்களுக்கு? திருத்தம் போட்டுடுங்க. அதோட முடிச்சுக்கலாம்."

அம்மா தம்பியைப் பார்த்தார். "எதுல பார்த்து எழுதினே?"

"கீழ இருக்கிற கறுப்பு வெள்ளைப் பெட்டியிலம்மா."

"எழுதியிருக்கணும்."

"ஆமாம்மா. மறைச்சுட்டேன்."

அம்மா மேஜையிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தார். திருத்தம் எழுதத்தான் என்று தம்பிக்குப் புரிந்தது. பெயர் போனது போகட்டும். இந்த வேலையே இன்றோடு போகும். வாத்தியார் வந்ததும் திரும்பவும் டிவி தூக்கும் வேலைதான். ஆனால் அதையெல்லாம்விட ஒன்று அவனைக் குடைந்தது. அவன் எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லையே. மறைத்தது தப்பு. ஆனால் அளந்தது அளந்ததுதான்.

"சார், ஒரு தடவை கீழ வந்து அந்தப் பெட்டியில பாருங்க. பார்த்துட்டு அப்பவும் திருத்தம் வேணும்னா, நானே என் கையால எழுதித் தர்றேன்."

"கறுப்பு வெள்ளையில கலரைப் பார்க்கிறதா? நல்லாயிருக்கு."

"பத்து நிமிஷம்கூட ஆகாது சார்."

ஏஜென்டுக்கு என்ன தோன்றியதோ, எழுந்தார். அவர் பின்னால் அம்மாவும், பெரியதைத் தூக்கிக்கொண்டு தம்பியும் இறங்கினார்கள். கடையில் அலமாரி அலமாரியாக டிவிகள். ரிப்பேருக்கு வந்தவை, ரிப்பேர் முடிந்தவை, உடையவர் வராதவை. ஏஜென்ட் சும்மா ஒருமுறை சுற்றிலும் பார்த்தார்.

"இதுல கலர் எத்தனை?" என்று அம்மா கேட்டார்.

கடைக்காரர் ஒரு மூலையைக் காட்டினார். "அதோ, துணி போட்டு மூடியிருக்கே, அது ஒண்ணு. அதுவும் பெரிய வீட்டுது. மத்ததெல்லாம் நம்மள மாதிரி ஜனங்களுது."

பெரிய கம்ப்யூட்டரோடு இலவசமாகக் கொடுக்கும் விளையாட்டுக் கேசட் ஏஜென்டின் பையிலேயே இருந்தது. நீலச் சட்டை போட்ட ஓர் ஆள் பழுப்பு மண்ணில் சுரங்கம் தோண்டிக்கொண்டு போவான், அதுதான் விளையாட்டு. கேசட் கீச்சென்று கத்தி முடித்ததும் படம் வந்தது. ஆள் வெளியே நின்றான், நடந்தான், குனிந்து தோண்ட ஆரம்பித்தான். மண்ணுக்குள் கால் வைத்ததும் ஆளைக் காணோம்.

ஏஜென்ட் முன்னால் குனிந்தார். காண்ட்ராஸ்ட் குமிழைத் திருகினார். பிறகு வெளிச்சக் குமிழைத் திருகினார். "உங்க டிவியில ஏதோ கோளாறு."

கடைக்காரருக்குச் சுருக்கென்றது. "சார், பேசறதைப் பார்த்துப் பேசுங்க. என் கடை டிவியில கோளாறுன்னா அது ரிப்பேருக்கு முன்னாடி. பக்கத்துல இருக்கிறதுல போட்டுப் பாருங்க. அதுக்கும் பக்கத்துல போடுங்க."

ஒயரைக் கழற்றி அடுத்த டிவியில் செருகினார்கள். அதிலும் ஆள் மண்ணுக்குள் போனான், வரவில்லை. மூன்றாவதிலும் அப்படியே. ஏஜென்ட் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் முகம் வேறு மாதிரி ஆகியிருந்தது.

"ஆள் காணாமப் போறான், ஆள் காணாமப் போறான்னு மெஷினைத் திருப்பிக் கொண்டுவந்து வெச்சுட்டுப் போறாங்க. கோடவுன்ல அடுக்கி வெச்சிருக்கேன். என் ஆளுங்க ஷோரூம்ல போட்டுப் பார்த்தா ஒண்ணும் இல்ல, நல்லா ஓடுது. சரி, ஜனங்களுக்குத்தான் வேலை இல்லன்னு நினைச்சேன்."

"ஷோரூம்ல கலர் டிவிதானே சார் வெச்சிருக்கீங்க?"

"கலர்தான்."

"அதான். மெஷின்ல ஒரு குறையும் இல்ல சார். எல்லாம் நல்ல மெஷின்."

தம்பி விளையாட்டை நிறுத்தினான். அதன் வரிகளைத் திரைக்கு வரவழைத்து, ஆளின் சட்டை நிறத்துக்கான எண்ணைக் கண்டுபிடித்தான். நீலத்தை அழித்து மஞ்சளை வைத்து மறுபடியும் ஓடவிட்டான். ஆள் மண்ணுக்குள் போனான். இந்தத் தடவை பளிச்சென்று, தோண்டத் தோண்டத் தெரிந்துகொண்டே இருந்தான்.

ஏஜென்ட் வாய்விட்டுச் சிரித்தார். "இவ்வளவுதானா? சட்டையை மாத்தினா ஆள் வந்துடறானா?"

"எந்த நிறத்தோட எந்த நிறத்தை வைக்கக் கூடாதுன்னு தெரிஞ்சா போதும் சார். அளந்து வெச்சிருக்கேன்."

"அதை எனக்கு எழுதிக் குடுங்க. ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் ஒரு தாள் அச்சடிச்சுப் போட்டுடறேன். கோடவுன்ல இருக்கிறதெல்லாம் வித்துடும்." எழுந்து தம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நான் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க."

வாசலுக்குப் போனவரை அம்மா நிறுத்தினார். "திருத்தம்?"

"எதைம்மா திருத்தறது? என் கலர் டிவியை மேலேர்ந்து இறக்க ஆள் அனுப்பறேன், அது போதும்."

அவர் போனதும் தம்பி கடைக்காரர் பக்கம் திரும்பினான். "உங்ககிட்டயும் மறைச்சுட்டேண்ணே. கண்ணு விஷயத்தை."

"என்னத்தை மறைச்சே? ஊர்ல இல்லாத அதிசயமா நம்ம மீட்டருக்கு மட்டும் மாசம் ஒரு பேட்டரி வாங்கறேனே, எனக்குத் தெரியாதா? வேலை நடக்குது, விடுன்னு இருந்தேன்."

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "எந்த டிவின்னு எழுதாம விட்டது தப்புதான், தம்பி. அதுக்குத் திருத்தம் பத்தாது. அடுத்த இதழ்ல மறுபடி முதல்லேர்ந்து எழுது. கலர் டிவி இருக்கிற வீட்டுக்கு எது, கறுப்பு வெள்ளை இருக்கிற வீட்டுக்கு எதுன்னு ரெண்டையும் எழுது. உன் கண்ணுக்கு எது தெரியாதுன்னும் எழுது. கலர் பாதிக்கு உங்க அக்காவைக் கூட்டிட்டு வா. ஊதாவைத் திருப்பி அனுப்பணும்னு அன்னிக்கு அவ சொன்னது பக்கத்து அறையில எனக்கும் கேட்டுது, அவ நல்லாப் பார்ப்பா."

அக்கா வந்தாள். கடையில் சொல்லிக்கொண்டு அரை நாள் லீவில் வந்தாள், நல்ல சேலை கட்டிக்கொண்டு. பட்டை பட்டையாகப் பார்த்துச் சொன்னாள், தம்பி எழுதினான். கலர் டிவி இருந்தால் பெரியது தன் விலைக்குத் தகும், அதன் படத்துக்குப் பக்கத்தில் ரப்பர் நிற்க முடியாது என்று ஒளிக்காமல் எழுதினான். கறுப்பு வெள்ளை டிவி உள்ள வீட்டில் இரண்டு மடங்கு பணம் கொடுத்துப் பாதி நிறத்தை இழக்க வேண்டாம், ரப்பரை வாங்கி மிச்சத்தில் கேசட் வாங்குங்கள் என்றும் எழுதினான். நிறங்களை வெளிச்ச வரிசையில் அடுக்கிய ஒரு பட்டியலையும் சேர்த்தான்.

அந்த இதழில் ஒரு கட்டுகூட உட்காரும் ஆசனமாக மிஞ்சவில்லை. கணக்கு வாத்தியார் பரீட்சை வேலை முடிந்து திரும்பி வந்து, படித்துப் பார்த்துவிட்டு, "இனிமே நிறம் உனக்கு, கணக்கு எனக்கு" என்று பக்கத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டார். அதன்பிறகு அந்தப் பத்திரிகையில் எந்தக் கம்ப்யூட்டரைச் சோதித்தாலும் கறுப்பு வெள்ளைக்கு என்று தனிப் பத்தி வந்தது. விளையாட்டு எழுதுகிறவர்கள் வெளியிடும் முன் கேசட்டைத் தம்பிக்கு அனுப்பி, ஆள் தெரிகிறானா என்று கேட்டுக்கொண்டார்கள். அப்படியே வருஷங்கள் ஓடின. சின்னக் கம்ப்யூட்டர்கள் போய்ப் பெரிய கம்ப்யூட்டர்கள் வந்தன. பெட்டிகளின் மேல் பதினாறு நிறம் என்றிருந்தது இருநூறு ஆகி, லட்சமும் ஆயிற்று. எழுத்துக்கும் பின்புலத்துக்கும் வெளிச்சம் போதுமான அளவு வேறுபடுகிறதா என்று அளந்து சொல்ல அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த முத்திரை குத்திய டெலிபோன் ஆபீஸ்கூட, பில் தொகை காட்டும் திரைகளைச் சரிபார்க்க ஒருமுறை அவனைக் கார் அனுப்பி அழைத்துப் போனது. இந்தத் தடவை ஒருவரும் புத்தகத்தை விரித்துக் காட்டவில்லை.

ஆனால் அதெல்லாம் பின்னால் வந்தவை. அந்த இரண்டாவது கட்டுரை அச்சுக்குப் போகிற அன்று, அம்மா அவனை மேலே கூப்பிட்டார். மேஜையில் கட்டுரையின் கடைசித் தாள் இருந்தது. அடியில் அந்தக் காலி வரி.

"அச்செழுத்துல போட்டா எல்லார் பேரும் ஒரே மாதிரி இருக்கும். நீயே எழுது. உன் கையெழுத்தையே உலோக அச்சா பிளாக் எடுத்து அப்படியே போட்டுடலாம்."

"நானே எழுதறதா?"

"பின்ன, கையெழுத்துக்கும் அக்காவைக் கூட்டிட்டு வரணுமா?"

அக்கா அங்கேதான், பழைய கட்டு ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தாள். "டேய், கோணலா எழுதாதே. ஊரே பார்க்கும்" என்றாள். சம்பளம் வாங்கும்போதும் தபால்காரரிடமும் அவன் போட்ட கையெழுத்துகளை அவள் கணக்கில் சேர்த்துக்கொள்வதே இல்லை. தான் செய்த வேலையின் கீழே, இது நான் செய்தது என்று தம்பி முதன்முதலாகத் தன் பெயரை எழுதியது அன்றுதான். ஒவ்வொரு எழுத்தாக நிதானமாக எழுதி, பக்கத்தில் தேதியும் போட்டான்: 1985, ஆகஸ்ட் 17, சனிக்கிழமை.